செத்த காலேஜுக்கு நம் பிள்ளைகளை ஏன் கூட்டிப்போக வேண்டும்?

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய ஆட்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. பட்டணம் பார்க்கப் போய்த் திரும்பிய நம் தாத்தாக்கள் இந்த இரண்டையும் சொல்லாமல் கதையை முடிக்க மாட்டார்கள். இந்தப் பெயர்களுக்கு ஒரு காரணம் உண்டு. 1851இல் இந்த அருங்காட்சியகம் நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டிடத்தில்தான் தொடங்கியது. 1854இல் எழும்பூருக்கு வந்தது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் மறு வருடமே அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். பாடம் செய்த புலி ஒரு பக்கம், உறுமுகிற புலி இன்னொரு பக்கம். படிக்காத சனம் வைத்த பெயர்தான், ஆனால் எவ்வளவு பொருத்தம்!

அந்தச் செத்த காலேஜுக்குச் சின்னமனூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றதும் நம் தோழர்கள் சிலரே முகம் சுளித்தார்கள். "வாழைத்தோப்பில் கூலி வேலை பார்க்கிற குடும்பம் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, ஐந்நூறு கிலோமீட்டர் போய்ச் செத்த மிருகத்தைப் பார்க்க வேண்டுமா? அந்தக் காசில் நாலு புத்தகம் வாங்கலாமே" என்றார் ஒருவர். இன்னொரு தோழர் பல்கலைக்கழகத்தில் படிப்பவர். அவருடைய மறுப்பு வேறு மாதிரி: "அது காலனியக் கொள்ளைக்கூடம் தோழர். அங்கே நம்மை மிருகங்களோடு சேர்த்து அளந்து வைத்தார்கள். அங்கே போய் என்ன செய்வது?"

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் போக வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதல் கேள்வி காசைப் பற்றியது மட்டுமல்ல. ஓய்வு யாருக்கு உரியது என்பதையும் அது கேட்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நம் குடும்பங்கள் 'வெளியே போவது' என்றால் என்ன? வீரபாண்டித் திருவிழா, குச்சனூர், சுருளி அருவி, கொஞ்சம் வசதியிருந்தால் வைகை அணை. பெரும்பாலும் கோயிலை ஒட்டியே இருக்கும் இந்த வெளிகளில் யார் எங்கே நிற்கலாம், யார் எதைத் தொடலாம் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் கதவே 1939 ஜூலை 8ஆம் தேதிதான் நமக்குத் திறந்தது. அதற்கு எண்பத்தெட்டு வருடம் முன்னால், பொதுமக்கள் வந்து பார்ப்பதற்கென்றே தொடங்கிய இடம் இந்தச் செத்த காலேஜ். காணும் பொங்கலன்று அங்கே கூடுகிற கூட்டம் இன்றைக்கும் பெயர் பெற்றது. உழைக்கிற சனம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்டுச்சோற்றோடு போன இடம் அது. முதல் மரியாதை, பரிவட்டம் என்ற பேச்சே இல்லாத கட்டிடம் நம் நாட்டில் எத்தனை இருக்கிறது? கல்வியையும் வேலையையும் நிலத்தையும் உரிமையாகக் கேட்கிற நாம், ஒரு நாள் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா நடக்கிற உரிமையை ஏன் கேட்பதில்லை?

இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்குப் பதில் சொல்ல எட்கர் தர்ஸ்டனிடம் போக வேண்டும்.

தர்ஸ்டன் ஒரு மருத்துவர். 1885இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து, இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர். பவளப்பாறை, முத்துக்குளிப்பு, நாணயம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் பிறகு மனிதர்கள் பக்கம் திரும்பினார். இடுக்கி போன்ற அளவுகோலை எடுத்துக்கொண்டு தென்னிந்தியா முழுக்க அலைந்தார். தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் என்று எல்லாவற்றையும் அளந்தார். அருங்காட்சியகத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்களைக்கூட அவர் விடவில்லை. காவல்துறையினருக்கு உடலளவு எடுப்பது பற்றி வகுப்பும் எடுத்தார். இதெல்லாம் சேர்ந்து, ரங்காச்சாரியின் உதவியோடு, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழிலும் அது வந்திருக்கிறது. பறையர், பள்ளர், சக்கிலியர் என்று நாம் எல்லோரும் அதில் அகர வரிசையில் இருக்கிறோம், பூச்சிகளின் பட்டியலைப் போல.

அந்த நூலின் முன்னுரையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அளக்கப்போன இடங்களில் மக்கள் என்ன செய்தார்கள் என்று தர்ஸ்டனே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பிடித்துப்போய், உள்ளே பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். நீலகிரியில் பழைய யானை வழக்கு ஒன்றில் தேடப்பட்டுவந்த இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க மறுத்துவிட்டாராம். பணியர் பெண்களின் பயத்தைச் சொன்னவர் அதோடு நிற்கவில்லை. அப்படிச் செய்ய முடிந்திருந்தால் மாதிரி உருவம் செய்கிற சிரமம் மிச்சமாகியிருக்குமே என்று ஒரு கிண்டலையும் சேர்க்கிறார்.

நூறு வருடமாக இதைப் படித்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்களுக்கு அறியாமை என்று யார் சொன்னது? புலியைச் சுட்டவனும் அளவுகோலோடு வந்தவனும் ஒரே அரசாங்கத்தின் ஆள், ஒரே கட்டிடத்துக்குச் சாமான் அனுப்புகிறவன் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த இருளரும் சரியாகத்தான் சொன்னார். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது, 1911இல் விரிவாகி நம் மாகாணத்துக்கும் வந்தது. அளவெடுத்த கை அடுத்து ரேகை எடுத்தது. நம் பக்கத்திலேயே, பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்ததற்காகப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. இன்று தேனி மாவட்டத்தில் நம் பிள்ளைகளில் பலர் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கள்ளர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தன் கொள்ளுத்தாத்தாவை இதே அளவுகோல்தான் அளந்தது என்று தெரிந்தால், காலனித் தெருவைப் பார்க்கிற அந்தப் பிள்ளையின் பார்வையில் ஏதாவது மாறலாம். மாறாமலும் போகலாம். அது நம் கையில் இல்லை.

மூக்குக்கு வருவோம். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நாசிக் குறியீடு. 1901 குடிமதிப்புக்குத் தலைமை வகித்த ரிஸ்லி இந்த எண்ணை வைத்து ஒரு பெரிய கதை கட்டினார்: சாதி உயர உயர மூக்கு மெலியும், சாதி தாழத் தாழ மூக்கு விரியும். சாதி என்பது இனம், இனம் என்பது இயற்கை, ஆகவே சாதி இயற்கை. மனு சொன்னதை ஆங்கிலத்தில், தசமப் புள்ளி வைத்துச் சொன்னார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மனிதர்களைக் கொண்டுபோய் வைத்ததன் அரசியல் இதுதான். வண்ணத்துப்பூச்சிக்கு வகை உண்டு, குரங்குக்கு வகை உண்டு, மனிதனுக்கும் வகை உண்டு. யாரும் யாரையும் அடக்கவில்லை, எல்லாம் பிறப்பிலேயே அமைந்தது என்று சொல்லாமல் சொல்வது.

இதை உடைத்தவர் பாபாசாகேப். அவர் அந்த எண்களைத் தூக்கி எறியவில்லை, எடுத்துக் கணக்குப் போட்டார். 1948இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலில் குர்யேவின் மூக்களவு அட்டவணைகளையே வைத்து, பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்றுதான் இந்த அளவுகள் காட்டுகின்றன என்று நிறுவினார். பிராமணர் ஆரியர் என்றால் தீண்டப்படாதாரும் ஆரியர், அவர் திராவிடர் என்றால் இவரும் திராவிடர். 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்: பஞ்சாபின் பிராமணரும் சமாரும் ஒரே வம்சம், சென்னையின் பிராமணரும் பறையரும் ஒரே வம்சம். எதிரியின் அளவுகோலை வாங்கி எதிரியின் பொய்யையே அளந்து காட்டிய வேலை இது. அருங்காட்சியகத்துக்குள் நாம் எப்படிப் போக வேண்டும் என்பதற்கும் இதுவே வழி.

அதே காலத்தில் அதே நகரத்தில் இன்னொன்றும் நடந்தது. எழும்பூரில் தர்ஸ்டன் தன் ஏழு தொகுதிகளை முடித்துக்கொண்டிருந்தபோது, ராயப்பேட்டையில் 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நம்மைப் பற்றி நாமே எழுதிய வரலாறு அதில் வாராவாரம் வந்தது. நம்மை அளந்து எழுதியதும் நாமே எழுதியதும் இரண்டும் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் சாதிச் சங்க மேடைகளில் இன்றைக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது எது? தர்ஸ்டன்தான். 'நாங்கள் ஆண்ட பரம்பரை என்று வெள்ளைக்காரனே எழுதியிருக்கிறான்' என்று ஏழு தொகுதியையும் தலையில் தூக்கி ஆடுகிறவர்களில் எல்லாச் சாதிக்காரரும் உண்டு. நம் ஆட்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

இதன் புது வடிவம் மரபணு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாகவே நடந்து இந்தியா வழியாக ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது. அருமையான அறிவியல். அதை 'உலகின் முதல் மனிதன் எங்கள் சாதி' என்று பேசுகிறவர்களை நாம் கேட்டிருக்கிறோம். ஐயா, அந்தத் தடம் உங்கள் பாட்டன் ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வந்தவர் என்றுதான் சொல்கிறது. எங்கள் பாட்டனும் அங்கிருந்து வந்தவர்தான். 2013இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இந்தத் துணைக்கண்டத்தில் சுமார் 4,200 வருடத்துக்கு முன்னிருந்து 1,900 வருடத்துக்கு முன்புவரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகுதான் அகமண முறை இறுகி அந்தக் கலப்பு நின்றது என்கிறது. இயற்கை கலந்து வைத்ததை எவனோ வந்து கதவைச் சாத்திப் பிரித்திருக்கிறான். சாதியின் இயற்கை வரலாறு இவ்வளவுதான்.

போன கோடை விடுமுறையில் மூன்று குடும்பங்களும் படிப்பகப் பிள்ளைகளும் சேர்ந்து போனோம். 2010 கடைசியில் நின்றுபோன மதுரை–போடி ரயில் பாதை அகலமாகி, 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்து தேனி வழியாகச் சென்னைக்கு வாரம் மூன்று நாள் ரயில் ஓடுகிறது. பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே போன தலைமுறைக்கு இது பெரிய விஷயம். தேனியில் ராத்திரி ஏறினோம், விடிந்தால் சென்ட்ரல்.

எங்களோடு வந்த அம்மாச்சி ஒருவர் முப்பது வருடம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலையேறி, கேரளத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டியபின் திரும்புகிற நம் பெண்களில் ஒருவர். பள்ளிக்கூடம் போகாதவர். பறவைகள் இருந்த கூடத்தில் இருவாச்சியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏலே, இங்க வாங்க. இது யாருன்னு தெரியுமா? மரப் பொந்துக்குள்ள பொட்டை போயி உக்காந்துக்கிரும். வாசல மண்ண வச்சுப் பூசி அடைச்சிரும். மூக்கு நீட்டுற அளவுக்கு மட்டும் சந்து. ஆம்பளதான் பழம் பழமாக் கொண்டாந்து ஊட்டணும். அவனக் குறவன் அடிச்சுட்டா உள்ள இருக்கறதும் செத்துரும்."

"குறவன்னு சொல்லாத அம்மாச்சி, வேட்டைக்காரன்னு சொல்லு" என்றது ஒரு பிள்ளை. படிப்பகத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அம்மாச்சி ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, வேட்டைக்காரன்" என்று தொடர்ந்தார். மலையணில் ஒரு கூட்டோடு நிற்காமல் நாலைந்து கூடு கட்டும் என்றார். அது மேலே கத்தினால் கீழே செந்நாயோ சிறுத்தையோ நடக்கிறது என்று அர்த்தம், அப்போது காய் எடுப்பதை விட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாகக் கூடிவிடுவோம் என்றார். பிள்ளைகள் கண்ணாடியை விட்டுவிட்டு அம்மாச்சியைப் பார்த்தார்கள். அருகில் நின்ற வேறு ஊர்க் குடும்பம் ஒன்றும் நின்று கேட்டது. கல்லூரிப் பேராசிரியர் சொன்னால் இதன் பெயர் இயற்கை வரலாறு. அம்மாச்சி சொன்னால் மட்டும் பழங்கதையா?

மேகமலைக்கு நம் ஊர்தான் வாசல். 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அந்தக் காட்டைக் காலால் அறிந்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் பளியர்களும். காட்டைப் பற்றிய முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி உண்டா என்ற கேள்வியைத் தனியாக எழுத வேண்டும்.

மானுடவியல் பகுதியில் பழங்குடி மக்களின் கூடை, நகை, வேட்டைக் கருவி எல்லாம் இருந்தன. எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவங்களும் செத்துட்டாங்களா?"

காலையிலிருந்து அவள் கண்ணாடிக்குள் பார்த்தது எல்லாமே செத்தவை. திமிங்கலம் செத்தது, புலி செத்தது, பாம்பு செத்தது. அப்படியானால் இந்தக் கூடையின் சொந்தக்காரர்களும் செத்திருக்கத்தானே வேண்டும்? அவள் வகுப்பிலேயே பளியர் வீட்டுப் பையன் ஒருவன் படிக்கிறான். அவனுடைய பாட்டி இப்போதும் கூடை பின்னுகிறார். கண்ணாடிக்கு அந்தச் சக்தி உண்டு தோழர்களே, உயிரோடு இருக்கிறவரையும் இறந்த காலத்துக்குத் தள்ளிவிடும். எந்த நிர்வாகி கெட்டவர் என்ற பேச்சு இல்லை இது. உலகம் முழுக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் கட்டப்பட்ட விதமே இப்படித்தான். கொங்கோ நாட்டு இளைஞர் ஓட்டா பெங்காவை நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கொஞ்ச நாள் தங்கவைத்துவிட்டு, 1906இல் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்தார்கள். கறுப்பினப் பாதிரிமார்கள் போராடி மீட்டார்கள். பத்து வருடம் கழித்து அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே நியூயார்க் அருங்காட்சியகம்தான் 2024 ஜனவரியில் பூர்வகுடிகள் பற்றிய இரண்டு பெரிய கூடங்களை மூடியது. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் அவர்களுடைய பொருட்களைக் காட்டக் கூடாது என்று புதிய விதி வந்ததால் மூடினார்கள். பூர்வகுடிகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டுப் பெற்ற விதி அது. நம் நாட்டில் அந்தப் பேச்சு இன்னும் பெரிதாகத் தொடங்கவில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. பாடம் செய்த மிருகம் எப்படி உருவாகிறது? செத்த உடலை அடிவயிற்றில் கீறி, தோலைக் கிழியாமல் உரிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்ட வேண்டும். உப்பு, படிகாரம் போட்டுப் பதப்படுத்த வேண்டும். பழைய காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள், தொட்ட கையையும் அரிக்கிற விஷம் அது. பிறகு உருவத்தின் மேல் தோலை இழுத்துப் போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண் வைக்க வேண்டும். திமிங்கலத்துக்கு இன்னும் பெரிய வேலை. டன் கணக்கில் அழுகுகிற சதையை எலும்பிலிருந்து எடுக்காமல் எலும்புக்கூடு கிடைக்காது.

நம் ஊரில் இந்த வேலைக்கு என்ன பெயர்? செத்த மாட்டை ஊர்த் தெருவிலிருந்து இழுத்துப்போய், தோலை உரித்து, ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் போட்டுப் பதப்படுத்திய அருந்ததிய மக்களுக்கு ஊர் கொடுத்த பெயர் என்ன? அந்தக் கத்தியை எங்கே வைத்தால் தோல் கிழியாது, எந்தப் பருவத்தில் எத்தனை நாள் ஊறவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தோலில்தான் கமலைக்குச் சால் தைத்தார்கள், அந்தச் சாலில்தான் ஊரின் தோட்டமெல்லாம் தண்ணீர் பாய்ந்தது. தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கலாம், தைத்த கை இறங்கக் கூடாது. எழும்பூரில் அதே தோல் வேலை அறிவியல். அரசுச் சம்பளம் உண்டு, மிருகத்துக்கு லத்தீன் பெயர் உண்டு, பார்க்க வருகிற ஆதிக்கசாதிக் குடும்பம் மூக்கைப் பொத்தாமல் பிள்ளைக்குப் படம் எடுக்கிறது. தீட்டு செத்த உடலில் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? செத்த உடலில் தீட்டு இருந்தால், அந்தக் கட்டிடம் முழுவதுமே தீட்டு.

2016 ஜூலை 11ஆம் தேதி குஜராத்தின் ஊனா பக்கம் மோட்டா சமாதியாலாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் சகோதரர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பிறகு அங்கே நம் மக்கள் செய்ததும் நினைவிருக்கும். சுரேந்திரநகரில் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிவந்து ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். இனி உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குலத்தொழிலுக்கு மாலை போடச் சொல்லவில்லை. செத்த மாட்டைச் சுமப்பதை விடுங்கள் என்று 1927இல் மகாடிலிருந்து பாபாசாகேப் சொன்னதே நம் வழி. விட்டவர்கள் விட்டதாகவே இருக்கட்டும். திரும்பவும் அந்தக் கத்தியைக் கையில் கொடுத்து 'உன் பாரம்பரிய அறிவு' என்று பாராட்டுகிறவனை நம்பக் கூடாது, அவன் 1953இன் குலக்கல்வியைப் புதுப் பெயரில் கொண்டு வருகிறவன். நாம் கேட்பது கணக்கு மட்டுமே. ஒரே வேலை ஓர் இடத்தில் கலையாகவும் இன்னோர் இடத்தில் தீட்டாகவும் இருக்கிறது என்றால், வித்தியாசம் வேலையில் இல்லை. இதை நம் பிள்ளை பத்து வயதிலேயே தன் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும்.

அந்தக் காட்சிப் பொருட்களின் பெயர்ச்சீட்டுகளில் மிருகத்தின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், சிலவற்றில் கொடுத்தவர் பெயர் இருக்கும். உரித்தவர், சுமந்தவர், காட்டில் வழிகாட்டியவர் பெயர் இருக்காது. இதற்கு நம் ஊரே பழைய உதாரணம். வரலாறு படிக்கிறவர்களுக்குச் சின்னமனூர் என்றால் செப்பேடுதான். பாண்டியரின் பரம்பரை, மதுரையில் சங்கம் வைத்தது, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியது எல்லாம் அந்தச் செம்பில் இருக்கிறது. அவ்வளவும் எதற்காக எழுதினார்கள்? பிராமணருக்கு நிலம் கொடுத்ததைப் பதிவு செய்ய. கொடுத்த ராஜாவின் பாட்டன் முப்பாட்டன் பெயரெல்லாம் உண்டு. அந்த நிலத்தில் சேற்றில் நின்றவன் பெயரைத் தேட வேண்டாம், கிடைக்காது. ஆயிரம் வருடம் ஆகியும் பெயர்ச்சீட்டு எழுதும் முறை பெரிதாக மாறவில்லை.

மாற்றலாம். ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அருங்காட்சியகத்தின் பழைய ஆண்டறிக்கைகளும் சம்பளக் கணக்குகளும் ஆவணங்களில் தேடக் கிடைக்கும். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அதே எழும்பூரில்தான் இருக்கிறது. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது. தோல் பாடம் செய்யும் பிரிவில் யார் யார் வேலை செய்தார்கள், எந்த ஊர், என்ன சம்பளம், விஷ சோப்பு தடவிய கைகளுக்கு என்ன ஆயிற்று? ஒருவர் இதைத் தன் ஆய்வாக எடுத்தால்கூடப் போதும். அருங்காட்சியகத் துறையிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. தர்ஸ்டனின் அளவுகோல் கதையை, ஓடிய பணியர் பெண்களின் பக்கத்திலிருந்து, பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் அந்த வளாகத்திலேயே விரிவாகச் சொல்ல வேண்டும். பாபாசாகேப் போட்ட மூக்குக் கணக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பழங்குடி மக்களின் பொருட்களை எப்படிக் காட்டுவது என்பதை அந்த மக்களிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி மாணவர்களையும் ஒரே ரயில் பெட்டியில் ஏற்றிக் கூட்டிவர அரசு செலவழிக்கலாம். இலவச சைக்கிளைவிட அது குறைந்த செலவுதான்.

ஒன்றை விட்டுவிட்டோம். மிருகங்களையே பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதே வளாகத்தில் அமராவதிச் சிற்பங்களும் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. பண்டிதர் அயோத்திதாசர் தேடிய பௌத்தம் கல்லிலும் செம்பிலும் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் அங்கே சத்தமில்லாமல் நின்றார்கள். ஒருவேளை கால் வலித்திருக்கலாம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அடுத்த பயணம். கம்பம், உத்தமபாளையம், தேவாரம் பக்கத்துத் தோழர்களும் சேர்ந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதைப் பார்த்து ரயில் டிக்கெட் எடுங்கள். தோட்ட வேலைக்குப் போகிற அம்மாச்சிகளை அவசியம் கூட்டி வாருங்கள், ஒரு நாள் கூலியை நாம் பொதுவில் பிரித்துக் கொடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். பார்த்ததை எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.